உரிமைக்கு ஏன் விண்ணப்பம்?

போரிஸ் ஜான்சன் 1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் பிறந்தார். அவருடைய அப்பா இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். படிப்புக்காக அமெரிக்கா போயிருந்தார். பிறந்த மண் அமெரிக்கா என்பதால் குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை. அப்பா பிரிட்டன்காரர் என்பதால் பிரிட்டிஷ் குடியுரிமை. இரண்டையும் யாரும் கேட்டு வாங்கவில்லை, தாமாகவே வந்தன. அந்தக் குழந்தை பின்னாளில் லண்டன் மேயராகி, பிரதமராகவும் ஆனது. அமெரிக்கக் குடியுரிமையை 2016-இல் துறந்தது வேறு கதை.

அதே நாளில் அதே ஊரில் இன்னொரு குழந்தை பிறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அம்மா லண்டனில் பிறந்து வளர்ந்தவர், அப்பா அமெரிக்கர். இந்தக் குழந்தைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை கிடையாது. அம்மாவின் குடும்பம் எத்தனை தலைமுறையாகத் தேம்ஸ் கரையில் வாழ்ந்திருந்தாலும் கிடையாது. 1948-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பா வழியாக மட்டுமே குடியுரிமை கொடுத்தது. அந்த அப்பாவும் அம்மாவும் முறைப்படி திருமணம் செய்தவர்களாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு 1982 டிசம்பர் 31 வரை நீடித்தது. அதாவது மார்கரெட் தாட்சர் பிரதமராகி மூன்றரை ஆண்டுகள் ஆன பிறகும், வெளிநாட்டில் பிள்ளை பெற்றிருந்தால் நாட்டை ஆளும் அந்தப் பெண்மணியாலேயே தன் குடியுரிமையை அதற்குக் கொடுத்திருக்க முடியாது!

பெற்றோர் வழிக் குடியுரிமை என்றதும் நம் மனதில் தோன்றுவது ரத்த உறவுதான். சட்டம் பார்ப்பது வேறு. எந்தப் பெற்றோர், அவர் எங்கே பிறந்தார், எந்தத் தேதியில் குடிமகன் ஆனார், தாலி கட்டினாரா என்பவைதாம் அதன் கேள்விகள். எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விகளில் தோற்றவர்கள் பெண்களின் பிள்ளைகள், மணமாகாத ஆண்களின் பிள்ளைகள், பழைய காலனிகளின் பிள்ளைகள். தவறு சட்டத்தினுடையது என்று பிரிட்டனே ஒப்புக்கொண்ட பிறகும், அதைத் திருத்திக்கொள்ளும் வேலையை அது பாதிக்கப்பட்டவர்களிடமே கொடுத்திருக்கிறது. படிவத்தை நிரப்பு, ஆவணத்தைத் தேடு, காத்திரு என்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதல் திருத்தத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 1979 பிப்ரவரி 7 அன்று அப்போதைய உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் நாடாளுமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். பிரிட்டனில் பிறந்த தாய்மாரின் பிள்ளைகள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால், விண்ணப்பித்துக் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார். நல்ல அறிவிப்புதான். ஆனால் வீட்டுக் கதவைத் தட்டி, இப்படி ஒரு சலுகை இருக்கிறது என்று அந்தத் தாய்மாருக்குச் சொன்னவர் யாருமில்லை. கனடாவின் ஹாமில்டனிலோ பெங்களூரிலோ குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அமைச்சர் சொன்னது எப்படித் தெரியும்? வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கு 2003 ஏப்ரல் 30 முதல் மீண்டும் வழி திறந்தார்கள். அங்கேயும் ஒரு கோடு கிழித்தார்கள்: 1961 பிப்ரவரி 7-க்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டும். ரீஸ் பேசிய நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தால் வரும் தேதி அது. ஓர் அமைச்சர் ஒரு புதன்கிழமை எழுந்து பேசினார் என்பதற்காக, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவன் அந்நியன், இளையவன் குடிமகன். இந்தக் கோடு அழிய 2010 ஜனவரி வரை ஆயிற்று. அதற்குள் மூத்தவர்களுக்கு வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது; அறுபதுக்கு வந்தவர்களும் உண்டு.

கோடு அழிந்தும் தொல்லை தீரவில்லை. பழைய சட்டத்தில், வெளிநாட்டில் இரண்டாம் தலைமுறையாகப் பிறந்த பிள்ளை என்றால், பிறந்த ஓராண்டுக்குள் பிரிட்டிஷ் தூதரகத்தில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். அம்மா வழிப் பிள்ளைகளைத் தூதரகம் பதிவு செய்யாது. போனால் திருப்பி அனுப்பிவிடும். பிற்பாடு அவர்கள் விண்ணப்பித்தபோது அரசு சொன்ன பதில்: ‘நீங்கள்தான் ஓராண்டுக்குள் பதியவில்லையே?’ கதவைச் சாத்தியவரே, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டதுபோல இருந்தது அது. 1978-இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு பெண் இதை எதிர்த்து ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் வழியாக வழக்கு நடத்தினார். 2018 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. செய்ய முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது! பதிவுக்கு வரும் இந்தப் பிள்ளைகளிடம் நன்னடத்தைத் தகுதியையும் 2019 வரை பார்த்தார்கள். அப்பா வழிப் பிள்ளையிடம் பிறக்கும்போது யாரும் நன்னடத்தை பார்ப்பதில்லை.

மணமாகாத தந்தையரின் பிள்ளைகள் இன்னும் பின்னால் நின்றார்கள். 1983-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் தாயையும் தந்தையையும் சமமாக்கியது. ஆனால் தந்தை என்றால் தாயை மணந்தவர் என்றே பொருள் கொண்டது. 2006 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் அந்த நிபந்தனை நீங்கியது. முன்பு பிறந்தவர்களுக்கு 2015-இல் பதிவு வழி கிடைத்தது. பிரிட்டிஷ் தந்தைக்கு ஜமைக்காவில் பிறந்து, நான்கு வயதில் பிரிட்டனுக்கு வந்து, அங்கேயே வளர்ந்த ஒருவரை நாடு கடத்த அரசு முயன்றபோது, 2016-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாடு மனித உரிமைக்கு முரணானது என்றது. பெற்றோர் மணம் புரியவில்லை என்பது பிள்ளையின் குற்றமா என்ற எளிய கேள்விக்கு, அறிவு வளர்ந்த ஒரு நாடு விடை காண எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள். 2022-இல் வந்த இன்னொரு சட்டம், பழைய சட்டங்களின் அநீதியால் குடியுரிமை இழந்த வயதுவந்தோர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று பொதுவான ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் அதுவும் விண்ணப்பம்தான். உள்துறை அமைச்சரின் விருப்புரிமைக்கு உட்பட்டதுதான். பதிவான நாளிலிருந்துதான் குடிமகன், பிறந்த நாளிலிருந்து அல்ல.

வம்சாவளியை அரசு தனக்கு வேண்டிய இடத்தில் தாராளமாகவும் பார்க்கும். 1968-இல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுடன் இந்திய வம்சாவளியினர் லண்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கத் தொடங்கினர். நாடாளுமன்றம் மூன்றே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால் உள்ளே வரலாம். இல்லையென்றால், கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே ஆனாலும் வரிசையில் நில். அப்போது உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் காலகன். நிறம் என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. தேவைப்படவும் இல்லை, யாருடைய தாத்தா பிரிட்டனில் பிறந்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். கென்யாவில் குடியேறியிருந்த வெள்ளையருக்குத் தாத்தா இருந்தார். நைரோபி குஜராத்தியருக்கு இல்லை.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் தாத்தாவைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. பெரம்பூர், பரங்கிமலை, ஜோலார்பேட்டை, போத்தனூர் ரயில்வே காலனிகளின் ஆங்கிலோ இந்தியர்கள். 1948 சட்டம், ஆண் வழியில் பிரிட்டனில் பிறந்த ஒரு மூதாதையைக் காட்டக்கூடியவர்களுக்கு ஒரு குறுகிய கால அவகாசத்தில் பதிவு செய்துகொள்ள இடம் தந்தது. தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டும் வேலை அப்போது தொடங்கியது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-இல் கட்டி முடிக்கப்பட்டது. அது போன்ற தேவாலயங்களிலிருந்து மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்றும் அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் கிடைக்கின்றன. ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவர் தன் முப்பாட்டன் எந்தப் படைப்பிரிவில் சிப்பாயாக வந்தார் என்று தேட வேண்டும். மூதாதை பாட்டியாக இருந்தால் பயனில்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 366-ஆம் பிரிவும் ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை ஆண் வழியை வைத்தே வரையறுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் டெல்லிக்கும் லண்டனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மலேசியத் தமிழர் சிலருடைய கதை இன்னும் கசப்பானது. பினாங்கும் மலாக்காவும் பிரிட்டனின் நேரடிக் காலனிகள். சிலாங்கூர், பேராக் போன்றவை பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான்களின் மாநிலங்கள். அதனால் 1957 ஆகஸ்டில் மலாயா சுதந்திரம் பெற்றபோது பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்கள் தங்கள் பிரிட்டிஷ் தகுதியை இழக்கவில்லை. 1983-க்கு முன்பு பிறந்த அவர்களின் பிள்ளைகளில் பலருக்கும் அப்பா வழியாக அது வந்தது. கேட்கப் பெரிய சொத்துப்போல இருக்கும். 1983-இல் அந்தத் தகுதி ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்’ என்ற பெயருக்கு மாற்றப்பட்டது. பாஸ்போர்ட்டின் அட்டையில் அரச முத்திரை உண்டு. பிரிட்டனில் வாழும் உரிமை மட்டும் இல்லை. இதை நம்பி மலேசியக் குடியுரிமையைத் துறந்து பிரிட்டன் போனவர்கள் இரண்டு நாட்டுக்கும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஆலோசனை சொன்ன தரகர்கள் கட்டணத்தை மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்கள்.

இன்று லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பழைய கதைகள் எதற்கு என்று கேட்கலாம். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் நான் கேட்கும் கேள்விகளில் பாதி இதே கேள்விகளின் வேறு வடிவம்தான். ‘அவருக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு, பிள்ளைக்கும் எடுக்கலாம்தானே?’ பாஸ்போர்ட் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளை பிறந்த அன்று அவர் குடிமகனாக இருந்தாரா, எந்த வழியில் குடிமகன் ஆனார் என்பதே முதல் கேள்வி.

ஒருவர் லண்டனில் குடியேறிக் குடியுரிமை பெற்ற பிறகு அவருக்குச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை பிறந்த கணமே பிரிட்டிஷ் குடிமகன். எந்தப் பதிவும் தேவையில்லை. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதும். ஆனால் அவர் குடியுரிமை வாங்கியது மார்ச் மாதம், பிள்ளை பிறந்தது அதற்கு முந்தைய ஜனவரி என்றால், பிள்ளை குடிமகன் அல்ல. அப்பாவின் பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்குப் பாஸ்போர்ட் கேட்டால் மறுப்புக் கடிதம்தான் வரும். கட்டிய பணமும் போய்விடும். வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாக மட்டும் குடிமகன் ஆனவரோ, தன் பிள்ளையும் வெளிநாட்டில் பிறந்தால் குடியுரிமையைத் தானாகக் கொடுக்க முடியாது. ஒரு தலைமுறையோடு அது நின்றுவிடும். பிள்ளை பிறப்பதற்கு முன் அவர் பிரிட்டனில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் பதிவு செய்யும் உரிமை உண்டு. குடும்பமே அங்கே போய் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தாலும் உண்டு. போரிஸ் ஜான்சனும் சட்டப்படி இந்த ‘வம்சாவளி வழி’ வகைதான். அவர் வெளிநாட்டில் பிள்ளை பெற்று, அம்மாவும் வெளிநாட்டவராக இருந்தால், முன்னாள் பிரதமரின் பிள்ளைக்கும் படிவம்தான். பிரிட்டிஷ் அரசின் ஊழியராக வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் குறை வராதபடி சட்டத்தில் விலக்கு வைத்திருக்கிறார்கள். தூதரக அதிகாரியின் பேரன் தவித்துவிடக் கூடாது என்ற அக்கறை!

லண்டனிலேயே பிறந்தால் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்களும் நிறைய. 1983-க்குப் பிறகு பிரிட்டன் மண்ணில் பிறப்பது மட்டும் போதாது. அம்மா, அப்பா இருவரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர் பலருக்குக் கிடைத்தது அகதித் தகுதி அல்ல, ‘விதிவிலக்கான அனுமதி’ என்ற தற்காலிக ஏற்பாடு. அந்த ஆண்டுகளில் லண்டன் மருத்துவமனைகளில் பிறந்த அவர்களின் பிள்ளைகள் குடிமக்களாகப் பிறக்கவில்லை. பெற்றோருக்கு நிரந்தர வதிவிடம் வந்த பிறகோ, பிள்ளை முதல் பத்து ஆண்டுகளை அங்கேயே கழித்த பிறகோ பதிவு செய்யலாம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பாரிஸ் போகப் பாஸ்போர்ட் கேட்கும்போதுதான், தான் குடிமகன் அல்ல என்பது அந்தப் பிள்ளைக்கே தெரிய வரும்.

இனி காகிதம். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருப்பது சர்வ சாதாரணம். மருத்துவமனையில் பிறந்த மறுவாரமே பதிவாகிவிடும். பெயர் சூட்டு விழா பிறகுதானே? ஓராண்டுக்குள் இலவசமாகவும், அதன் பின் பதினைந்து ஆண்டு வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம் என்பது விதி. பலர் சேர்ப்பதில்லை, பள்ளிச் சான்றிதழே எல்லாவற்றுக்கும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். லண்டன் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அந்த வெற்றுக் கட்டம் பெரிய சந்தேகம். வீட்டில் பிறந்து, ஆண்டுகள் கழித்துக் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுப் பதிவு செய்த பிறப்பு என்றால் சந்தேகம் இரட்டிப்பு. பெயரோ அதைவிடச் சிக்கல். மகன் கார்த்திகேயன் ராமசாமி, அப்பா ராமசாமி சுப்பையா, அம்மா பெயருக்குப் பின்னால் அவளுடைய அப்பா பெயர். மூன்று பேருக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது. குடும்பப் பெயரை வைத்தே உறவைக் கண்டுபிடித்துப் பழகிய அதிகாரிக்கு இந்த மூவரும் அறிமுகமில்லாதவர்கள். இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கக் கடிதம் எழுதியே களைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சந்தேகப் பார்வைக்கு வரலாறு உண்டு. மரபணு ரேகையை அலெக் ஜெஃப்ரிஸ் 1984-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார். அது முதன்முதலில் பயன்பட்டது கொலைகாரனைப் பிடிக்க அல்ல. கானாவிலிருந்து திரும்பி வந்த ஒரு சிறுவன், அவனைத் தன் மகன் என்று சொன்ன பெண்ணின் பிள்ளைதான் என்று 1985-இல் குடிவரவு அதிகாரிகளிடம் நிரூபிக்கவே பயன்பட்டது.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு குழந்தையைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசு 1,012 பவுண்டு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் செலவு 372 பவுண்டு என்று அரசே கணக்குக் காட்டியது. மீதி லாபம்! குழந்தைகளின் நலனைக் கருதாமல் வைத்த கட்டணம் என்று கீழ் நீதிமன்றங்கள் கண்டித்தன. 2022-இல் உச்ச நீதிமன்றம், கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றமே அரசுக்குக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. அதன் பின் வசதியற்ற குழந்தைகளுக்கு விலக்கு வந்தது. கட்டணமும் 2023 அக்டோபரில் 1,214 பவுண்டாக உயர்ந்தது. மனமிருந்தால் அரசுக்கு வேறு மாதிரியும் செய்யத் தெரியும். 1968 முதல் 1973 வரை டியகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் தீவுகளிலிருந்து பிரிட்டன் விரட்டியடித்த மக்களின் வழித்தோன்றல்கள் 2022 நவம்பர் முதல் கட்டணமே இல்லாமல் குடியுரிமை பெறலாம். அதே நியாயம், சட்டப்படி உரிமையுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் பொருந்த வேண்டும். உரிமை உண்டு என்று சட்டம் சொல்லும் இடத்தில் செலவுக்கு மேல் ஒரு பவுண்டும் வாங்கக் கூடாது. பழைய சட்டத்தால் விலக்கப்பட்டவர்களைப் பிறந்த நாள் முதலே குடிமக்கள் என்று சட்டமே அறிவிக்க வேண்டும். அமைச்சரின் விருப்புரிமைக்கு அங்கே வேலையில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அப்பா வம்சாவளி வழியில் அல்லாத பிரிட்டிஷ் குடிமகன், அம்மா இந்தியக் குடிமகள், பிள்ளை பிறந்தது கோயம்புத்தூரில் என்றால் இரு நாட்டுச் சட்டப்படியும் அது அந்தந்த நாட்டுக் குடிமகனே. பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பாஸ்போர்ட் என்பது ஏற்கெனவே இருக்கும் குடியுரிமைக்கு ஓர் அத்தாட்சி மட்டும். இந்திய விதிகளோ, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்ததையே அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கு முடிவான சான்றாகக் கொள்கின்றன. ஆகவே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் வந்த பின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், ஓ.சி.ஐ. எனும் ‘இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்’ அட்டைதான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பிள்ளைக்காகப் பெற்றோர் எடுக்கும் இந்த முடிவை அவசரத்தில் எடுக்க வேண்டாம்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பெட்டியைத் திறந்து, பெற்றோரின் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள தேதியைப் பாருங்கள். பிள்ளையின் பிறந்த தேதியோடு ஒப்பிடுங்கள். அது பிள்ளை பிறந்ததற்குப் பிந்தைய தேதி என்றால், பாஸ்போர்ட் படிவத்தைத் தொடாதீர்கள். முதலில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடிமகன் ஆன பெற்றோரின் பிள்ளைகளை உள்துறை அமைச்சரின் விருப்புரிமையில் பதிவு செய்யும் அந்தப் பிரிவு சிறாருக்கு மட்டுமானது. பதினெட்டு வயது நிறைந்த பிறகு அதில் விண்ணப்பிக்கவே முடியாது.